சுவரா, நிலமா?

மழைக்காலந்தோறும் மலைநாட்டுத் தோட்டங்களில் மண் சரிகின்றது. லயன்களின் பின்புறத்தே ஒரு சுவரை எழுப்பிவிட்டால் கடமை தீர்ந்ததென எண்ணுவோர் உளர். அச்சுவர் எதனைத் தாங்கவேண்டும் என்பதை அவர்கள் கணக்கிட்டனரா என்று நாம் கேட்கின்றோம்.

ஒரு கனமீற்றர் நீரின் எடை 1 தொன். 3 மீற்றர் உயரச் சுவரின் பின்னே நீர் உச்சிவரை தேங்குமாயின், சுவரின் ஒவ்வொரு மீற்றர் நீளத்தையும் நீர் மட்டுமே 4½ தொன் விசையுடன் தள்ளும். மண்ணின் அழுத்தம் இதற்குப் புறம்பானது. ஆதலின் சுவரின் பின்னே சரளைக்கல் படையும், சுவரில் நீர் வடியும் துளைகளும், அடியில் வடிகாலும் இன்றியமையாதன. அத்திவாரத்து மண்ணே நீரூறிக் குழைந்திருப்பின், சுவர் தன் பாரத்தாலேயே சாயும். சரிவு அத்திவாரத்துக்கும் கீழே ஆழத்தில் நிகழுமாயின், சுவரும் மண்ணோடு செல்லும். அத்தகைய இடத்திலிருந்து மக்களைக் குடிபெயர்த்தலே வழி.

கொஸ்லந்தை மீரியபெத்தை பற்றி 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. எச்சரிக்கை தாளில் இருந்தது. மக்கள் லயன்களில் இருந்தனர். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை மலை சரிந்து லயன்களை மூடியது.

பல தலைமுறை உழைத்தும், லயன் நிற்கும் நிலம் தொழிலாளருட் பெரும்பாலோருக்கு இன்றும் உரித்தன்று. வெளியேறுக என்போர், எங்கே என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவரன்றோ?

நாம் கோருவன இரண்டு. சுவர் தாங்கும் இடத்தில், மண்ணைச் சோதித்து வடிகாலுடன் கட்டிய சுவர். தாங்காத இடத்து மக்களுக்கு, உறுதியான நிலமும் அந்நிலத்துக்கு அவர்கள் பெயரில் உறுதியும்.