பாட்டி மெஷினை எடைக்குப் போடாதீங்க!

போன மாசம் என் போன் பேட்டரி செத்துப்போச்சு. "பின்பக்கம் பசை போட்டு ஒட்டியிருக்கு தம்பி, திறந்தா டிஸ்ப்ளே போனாலும் போகும்" என்றார் கடைக்காரர். வாங்கி மூணு வருஷம்தான் ஆகுது.

இப்போ இதைக் கேளுங்க. சிங்கர் நிறுவனம் 1933-இல் 221 என்ற சின்ன தையல் மெஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் துண்டுத் துணிகளை இணைத்துக் குவில்ட் போர்வை தைப்பவர்கள் இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். அழகுக்கு வைக்க மட்டும் இல்ல, தைக்கவும்தான். அலுமினிய உடம்பு, சுமார் 5 கிலோ. பெட்டியில் போட்டுத் தோழி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய், சேர்ந்து உட்கார்ந்து தைக்கலாம்.

நேர்த்தையல் மட்டும்தான் போடும், ஜிக்ஜாக் கிடையாது. துண்டுகளை இணைக்க அதுவே போதும். ஸ்க்ரூவைக் கழற்றினால் பல்சக்கரமும் கொக்கியும் கண்ணுக்குத் தெரியும். எண்ணெய், கிரீஸ் நாமே போடலாம். இன்றைய வீட்டு மெஷின் ஊசியே அதற்கும் பொருந்தும்.

புது மெஷின் காஜாகூட எடுக்குமேன்னு கேட்பீங்க. வசதி வேண்டாம்னு சொல்லல. ரிப்பேர் பண்ண வழியில்லாத வசதியைத்தான் வேண்டாம்கிறேன். அதை டிசைன் பண்றது நாளைக்கு நாமதானே?

லீவுல ஊருக்குப் போனா, பரண்ல கிடக்கிற பாட்டி மெஷினை இறக்குங்க. தூசி தட்டி எண்ணெய் விடுங்க. தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்து இறுகிடும்; மெஷின் எண்ணெய்தான். அப்புறம் சக்கரத்தைக் கையால் சுத்திப் பாருங்க. ஓடினா, பாட்டியையே கூப்பிட்டு நூல் கோக்கச் சொல்லுங்க.