மோட்டாரை விற்காதீர்கள், ஊசியை மாற்றுங்கள்

பழைய ரிகார்டு பிளேயரைத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கலாமா என்ற கேள்வி பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து வீடுகளில் இப்போது எழுந்திருக்கிறது. இசைத்தட்டு மறுபடியும் நாகரிகமாகிவிட்டதுதான் காரணம். நாகரிகம் வந்தால் வியாபாரம் வரும். வியாபாரம் வந்தால், நம் வீட்டில் இருப்பது எதற்கும் உதவாதது என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து இருபதாயிரமோ இருபத்தையாயிரமோ சேர்த்து வைத்திருக்கும் குமாஸ்தாவும் தொழிலாளியும் அந்தப் பேச்சை நம்பிக் கையைச் சுட்டுக்கொள்ளக் கூடாது.

இந்த எல்லையில் ரிகார்டு பெட்டிக்குத் தனிச் சரித்திரம் உண்டு. 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு போயிற்று; நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு போட்டவர்கள் நிலத்தைத்தான் பிரித்தார்கள். களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கலியாண வீட்டு மைக் செட்டில் தமிழ்த் தட்டும் மலையாளத் தட்டும் மாறி மாறித்தான் சுழன்றன. கர்நாடக சங்கீதத்திலும் இவ்வூர்கள் சளைத்தவை அல்ல. திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் 2006ல் முதன்முதலாகப் பாடிய பெண்மணி பாறசாலை பொன்னம்மாள். நெய்யாற்றின்கரை வாசுதேவனைப் பற்றி இந்தப் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இங்கே பரணில் கிடக்கும் தட்டுகளைக் காயலான் சரக்கு என்று எவரும் எண்ண வேண்டாம்.

அந்தத் தட்டுகளோடு பல வீடுகளில் இருப்பது டைரக்ட் டிரைவ் பிளேயர். 1970களிலும் 80களிலும் வளைகுடா நாடுகளில் உழைத்தவர்கள் துணிமணி, டேப் ரிகார்டரோடு கட்டிக்கொண்டு வந்த ஜப்பான் பெட்டி அது. பழைய பிளேயர்களில் மோட்டார் ஒரு மூலையில் இருக்கும். ரப்பர் சக்கரமோ பெல்ட்டோ தட்டைச் சுழற்றும். டைரக்ட் டிரைவில் சுழலும் தட்டின் நடு அச்சே மோட்டாரின் அச்சு. மாட்சுஷிடா கம்பெனி டெக்னிக்ஸ் என்ற பெயரில் 1970ல் இந்த வகையில் முதலாவதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1972ல் எஸ்.எல்.1200 வந்தது. 1979ல் வந்த அதன் இரண்டாம் வடிவத்தில் குவார்ட்ஸ் கடிகாரத்தைப் போலப் படிகமே வேகத்தைக் கட்டுப்படுத்தியது. அந்த வரிசை 2010ல் நிறுத்தப்பட்டு, 2016ல் மீண்டும் வந்தது. வந்த விலை குமாஸ்தாவுக்குப் பல மாதச் சம்பளம்! நாற்பது வருஷத்துக்கு முந்திய வேலைப்பாட்டை இன்றைக்குப் புதிதாகச் செய்தால் என்ன விலையாகும் என்பதற்கு அதுவே சாட்சி.

பெல்ட் போட்டதுதான் இனிமையான ஓசை தரும், மோட்டார் நேராகத் தட்டைத் தொட்டால் அதிர்ச்சி ஊசிக்கு வரும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனால் நம் சங்கீதத்துக்கு முதலில் வேண்டியது வேகம் பிசகாமை. வேகம் நூற்றுக்கு ஆறு கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். நாதஸ்வரத்தின் நீண்ட ஸ்வரத்தில் வேகம் சற்றே அலைந்தாலும் காது கண்டுபிடித்துவிடும். பெல்ட் என்பது ரப்பர். நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் தளர்ந்து போகும். மறு பெல்ட்டுக்குத் தபாலை எதிர்பார்த்து உட்கார வேண்டும். டைரக்ட் டிரைவில் அந்தத் தொல்லையே இல்லை.

அப்படியானால் பழைய பெட்டி ஏன் கரகரக்கிறது? மோட்டார் போய்விட்டது என்று கடைக்காரர் சொல்லக்கூடும். பெரும்பாலும் போயிருப்பது ஊசி. கூம்பு முனை வைர ஊசிக்கு ஆயுள் சுமார் 500 மணி. நாள்தோறும் ஒரு எல்.பி. தட்டை இரு பக்கமும் கேட்டால் இரண்டு வருஷத்தில் தீர்ந்துவிடும். நம் வீடுகளிலோ தகப்பனார் காலத்து ஊசியே இன்னும் ஓடுகிறது! அது குதிக்காமலிருக்க மேலே ஒரு நாணயத்தையும் வைத்துவிடுகிறோம். தேய்ந்த ஊசியும் கூடுதல் பாரமும் சேர்ந்து தட்டின் பள்ளத்தைச் செதுக்கிவிடுகின்றன. அந்த நஷ்டத்தை எந்தப் புதுப் பெட்டியும் ஈடு செய்யாது.

ஆகவே பணத்தை முதலில் கார்ட்ரிட்ஜில் போடுங்கள். ஜப்பான் டைரக்ட் டிரைவ் பலவற்றில் கையின் நுனியில் உள்ள தலை, வளையத்தைத் திருகினால் கழன்று வரும். அதில் இரண்டு கிராம் பாரத்தில் ஓடும் காந்த வகைக் கார்ட்ரிட்ஜைப் பொருத்தலாம். அடுத்த முறை கார்ட்ரிட்ஜை விட்டுவிட்டு ஊசியை மட்டும் மாற்றினால் போதும். பாரத்தை அளக்கச் சிறு தராசு கிடைக்கிறது. பெட்டி சமமாக நிற்கிறதா என்று பார்க்கக் கொத்தனாரின் ரசமட்டமே போதும்.

இரண்டாவது, அந்தக் கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் மின்சாரம் சில மில்லி வோல்ட்தான். தட்டு வெட்டும்போது கீழ் ஓசையைக் குறைத்தும் மேல் ஓசையைக் கூட்டியும் பதிகிறார்கள். அதைத் திருப்பிச் சரி செய்ய போனோ பிரீ ஆம்பிளிபயர் வேண்டும். இன்றைய ஆம்பிளிபயர்கள் பலவற்றில் அது கிடையாது. நேராகச் சொருகிவிட்டுக் ‘குரல் கீச்சென்கிறது, பிளேயர் மோசம்’ என்று குறை கூறுவது முறையல்ல.

வேகம் தடுமாறினால்? வேகம் திருத்தும் சிறு குமிழில் தூசி படிந்திருக்கும். காண்டாக்ட் கிளீனர் தெளித்துப் பலமுறை திருப்பினாலே பாதி நோய் தீரும். மின்தேக்கிகள் உலர்ந்திருந்தால் நல்ல ரேடியோ மெக்கானிக் மாற்றித் தருவார். சோக் வைத்த பழைய டியூப்லைட்டின் கீழ் 180 கோடு போட்ட காகித வட்டத்தை வைத்து 33 வேகத்தில் சுழற்றிப் பாருங்கள். கோடுகள் அசையாமல் நின்றால் மோட்டார் நலம். எல்.இ.டி. விளக்கில் இந்தச் சோதனை பெரும்பாலும் பலிக்காது.

உண்மையாகவே மாற்ற வேண்டிய சமயமும் உண்டு. வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஐ.சி. எரிந்துபோய் மாற்று கிடைக்காவிட்டால் வேறு வழியில்லை. பாட்டனார் காலத்து 78 வேகத் தட்டுகள் நிறைய இருந்தாலும் யோசிக்கலாம். அக்காலத்து டைரக்ட் டிரைவ் பலவற்றில் 33, 45 மட்டுமே உண்டு. அப்போதும் 78க்கென்று அகன்ற முனை ஊசி தனியாக வாங்க வேண்டும். பழைய ஜப்பான் உள்நாட்டுப் பெட்டி மலிவாக வந்தால் பின்புறம் வோல்ட் பாருங்கள். 100 என்றிருந்தால் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் நம் பிளக்கில் சொருகியவுடன் புகைதான். பெட்டி வடிவத்தில் அழகழகாய் வரும் மலிவுப் பிளேயர்களை மட்டும் தொடாதீர்கள். அவற்றின் கனத்த செராமிக் தலை ஐந்து கிராம் வரை அழுத்தும். ஆக்ரிக் கடைக்குப் போக வேண்டியது அதுவே தவிர, உங்கள் பழைய பெட்டி அல்ல.

இவ்வளவும் செய்து பணம் மிஞ்சினால் ஸ்பீக்கருக்குச் செலவிடலாம். மிஞ்சாவிட்டாலும் பாதகமில்லை, தட்டைத் துடைப்பதற்குப் பெரிய செலவு கிடையாது. மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த எல்.பி.யைக் காய்ச்சி வடித்த நீரால் மெல்லிய துணி கொண்டு துடைத்து, படுக்க வைக்காமல் நிற்க வைத்து அடுக்குங்கள். 78 தட்டில் மட்டும் ஸ்பிரிட் படவே கூடாது. அது அரக்கால் ஆனது, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.