மாஸ்டரின் கிடார்

மலிவான பழைய கிடாரைச் சரிசெய்ய ஆகும் செலவில் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கிடாரில்தான் என் மாஸ்டர் எனக்கும், சாந்தோம் பக்கம் வளர்ந்த இன்னும் பல பிள்ளைகளுக்கும் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வுப் பாடங்களை வாசித்துக் காட்டினார். இளையராஜா டிரினிட்டியின் கிளாசிகல் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியவர் என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார். சென்ற ஆண்டு மாஸ்டர் காலமானார். "பரண்ல கிடந்து வீணாப் போக வேணாம் தம்பி. சரி பண்ணி, வாசிக்கிற புள்ளைக்கு யாருக்காவது கொடுத்துடு" என்று அவர் மனைவி அதை என்னிடம் ஒப்படைத்தார். மாஸ்டருக்கு இதைவிட வேறென்ன மரியாதை செய்துவிட முடியும்?

ஒலித்துளைக்குள் டார்ச் அடித்தால் லேபிளில் 'நிப்பான் காக்கி' என்றிருக்கிறது. யமஹா நிறுவனத்துக்கு 1987 வரை அதுதான் பெயர். கிடார் அதற்கு முந்தையது. மேற்பலகை மட்டும் ஸ்ப்ரூஸ் மரம், முதுகும் பக்கங்களும் ஒட்டுப்பலகை. அதற்காக இளக்காரமாகப் பார்க்க வேண்டியதில்லை. ஸ்பெயினின் அன்டோனியோ தெ தோரெஸ் 1862-இல் முதுகையும் பக்கங்களையும் காகிதக் கூழில் செய்து, மேலே ஸ்ப்ரூஸ் பலகை வைத்து ஒரு கிடார் கட்டினார். மேற்பலகைதான் பாடுகிறது என்று நிரூபிப்பதற்காகவே கட்டியது அது. பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

மாஸ்டரின் கடைசிக் காலத்தில் இரவல் போன இடத்தில் யாரோ இதற்கு ஸ்டீல் கம்பி மாட்டிவிட்டார்கள். ஒரு கிளாசிகல் கிடாருக்கு இதைவிடப் பெரிய கொடுமை கிடையாது. நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 40 கிலோ. ஸ்டீல் என்றால் 70 கிலோ அளவுக்குப் போய்விடும். மேற்பலகைக்கு அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய சட்டங்களும், உள்ளே இரும்புத் தண்டு இல்லாத கழுத்தும் அதைத் தாங்குமா? தந்திகளைக் கட்டும் பிரிட்ஜின் பின்விளிம்பு எழும்பி, அடியில் விசிட்டிங் கார்டு நுழைந்தது. பலகை உப்பிக் கிடந்தது. 12-ஆவது ஃபிரெட்டில் தந்தி 6 மி.மீ. உயரத்தில் நின்றது, 4 இருந்தால் போதும்.

பழுது பார்த்தவர் பிரிட்ஜுக்குச் சூடு காட்டி, மெல்லிய தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்திக் கழற்றினார். பழைய பசையை மரத்தில் கீறல் விழாமல் சுரண்டி எடுத்தார். திரும்ப ஒட்டியது வச்சிரத்தில். மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கும் இந்தப் பசை காய்ந்தால் இறுகிவிடும். சூடும் ஈரமும் பட்டால் விட்டுக்கொடுக்கும். பல வருடம் கழித்து இன்னொருவர் இதைக் கழற்ற நேர்ந்தாலும் பலகை பிய்ந்து வராது. "இனிமே கம்பி மட்டும் போட்டுடாதீங்க சார்" என்றார், நான்தான் போட்டேன் என்பதுபோல் கண்டிப்பாக.

பிரிட்ஜ் படிந்து உப்பலும் ஓரளவு இறங்கியதும் உயரம் 5 மி.மீ. ஆனது. மீதி ஒரு மில்லிமீட்டரைக் குறைக்க, பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கி நிற்கும் சாடிலில் இரண்டு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். 12-ஆவது ஃபிரெட் தந்தியின் நட்டநடுவில் இருப்பதால் இந்தக் கணக்கு. பிளாஸ்டிக் சாடிலைத் தூக்கிப் போட்டுவிட்டு எலும்பில் ஒன்று செய்தோம். தேய்ப்பதும், மாட்டி வாசித்துப் பார்ப்பதும், கழற்றி மறுபடி தேய்ப்பதுமாகப் போயிற்று. கொஞ்சம் அதிகமாகத் தேய்த்துவிட்டால் தந்தி ஃபிரெட்டில் பட்டு இரையும்.

புதிதாகப் பாலிஷ் போடு, தலைப்பகுதியில் மாஸ்டர் பெயரை முத்துச்சிப்பியில் பதி என்று நண்பர்கள் சொன்னார்கள். இரண்டுக்கும் நான் சம்மதிக்கவில்லை. ஐந்தாம் தந்திக்கு அடியில் 3-ஆவது ஃபிரெட்டிலும், நான்காம் தந்திக்கு அடியில் 2-ஆவது ஃபிரெட்டிலும் சின்னப் பள்ளங்கள் இருக்கின்றன. புதுப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அவர் சி கார்டு பிடித்துக் காட்டிய தடம் அது. சுரம் கெடாத அளவுக்கு விளிம்பை நீவிவிட்டதோடு சரி. அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969-இல் வாங்கிய மார்ட்டின் கிளாசிகல் கிடாரில் அவர் வாசித்து வாசித்தே பெரிய ஓட்டை விழுந்திருக்கிறது. கருவியை அடிக்கடி பழுது பார்க்கிறார்கள். ஓட்டையை மட்டும் அடைப்பதில்லை. நினைவுக்காக ஒரு கருவியைச் செப்பனிடுகிறவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் அதுதான். ஒலிக்கத் தடையாக இருப்பதைச் சரிசெய்ய வேண்டும், வாசித்தவரின் கைத்தடத்தில் கைவைக்கக் கூடாது. மாஸ்டர் பெயரை ஒரு சிறு தாளில் தமிழில் எழுதி, உள்ளே பழைய லேபிளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

காசிமேட்டுப் பெண் ஒருத்தி இப்போது மாஸ்டரின் கிடாரில் ஸ்பானிய இசையமைப்பாளர் தாரெகாவின் 'லாக்ரிமா' பழகுகிறாள். தேர்வுக்கும் அதையே எடுத்துப் போகப்போகிறாள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய கிடார் கிடந்தால் இறக்கி பிரிட்ஜைப் பாருங்கள். தந்தியைக் குத்தி நிறுத்தும் பின்கள் இல்லாமல், துளையில் கோத்து முடிச்சுப் போடும் விதமாகவும், தலைப்பகுதியில் இரண்டு நீளத் திறப்புகளோடும் இருந்தால் அது நைலானுக்கான கிடார். அதில் ஸ்டீல் கம்பி இருந்தால் இன்றைக்கே தளர்த்திவிடுங்கள்.