பிள்ளைகள் பிரித்த குப்பையைக் கலக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிகளில் படிக்கும் சிறு பிள்ளைகளுக்கு, மக்கும் குப்பை வேறு, மக்காத குப்பை வேறு என்று வெகு சிரத்தையோடு போதித்து, சுவரெல்லாம் படம் எழுதி, வகுப்புக்கு வகுப்பு உறுதிமொழியும் சொல்ல வைத்த நகராட்சி நிர்வாகமே, அப்பிள்ளைகள் பிரித்து வைத்ததை அவர்கள் கண்ணெதிரில் ஒரே வண்டியில் கொட்டிக் கலந்துகொண்டு போகிற அநியாயத்தைத் தங்கள் பத்திரிகை வாயிலாகப் பொதுமக்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். என்றோ ஒரு நாள் ஆள் பற்றாக்குறையால் நேர்ந்துவிட்ட பிசகாக இருந்தால் இதைப் பற்றி எழுத வந்திருக்க மாட்டேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினன் என்ற முறையில் அடிக்கடி அங்கே போய்வருகிறவனாதலால், இதுவே நித்திய வழக்கமாகிவிட்டது என்பதை நேரில் கண்டு எழுதுகிறேன்.

போதனையின் மீது எனக்கு எவ்வித ஆட்சேபமும் இல்லை. வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1991-ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றம், சுற்றுச்சூழலைப் பற்றிய அறிவு கல்விக்கூடங்களில் ஊட்டப்பட வேண்டும் என்று வற்புறுத்தியிருக்கிறது. அதைத் தொடக்கப் பள்ளியிலேயே ஆரம்பிப்பதுதான் முறை என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது. எங்கள் பள்ளி ஆசிரியைகளும் அந்தக் காரியத்தைக் கடமைக்குச் செய்யவில்லை. காலைச் சிற்றுண்டி முடிந்ததும் தட்டில் ஒதுக்கி வைத்த கறிவேப்பிலை, மிளகாய், மிஞ்சிய உப்புமா ஆகியவை பச்சைத் தொட்டிக்கும், கிழித்த நோட்டுத் தாள், பால் கவர், மிட்டாய்க் காகிதம் முதலியவை நீலத் தொட்டிக்கும் தவறாமல் போய்ச் சேருகின்றன. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வாழைப்பழத் தோலை நீலத் தொட்டியில் போட்டுவிட்டதைப் பார்த்து, அவனைவிடச் சிறியவளான ஒரு பெண் குழந்தை கையை விட்டு எடுத்துப் பச்சைத் தொட்டிக்கு மாற்றியதை நானே கண்டேன். வளர்ந்தவர்கள் எத்தனை பேர் வீட்டில் இவ்வளவு பொறுப்பு இருக்கிறது?

பிள்ளைகள் பிரார்த்தனைக்கு வரிசையாக நிற்கும் சமயத்தில்தான் நகராட்சி வண்டி வருகிறது. பச்சைத் தொட்டி கவிழ்க்கப்படுகிறது. அதன் மேலேயே நீலத் தொட்டியும் கவிழ்க்கப்படுகிறது. முந்நூறு கண்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, “பிரிச்சுத்தானே டீச்சர் போடச் சொன்னீங்க, அந்த அண்ணன் ஏன் ஒண்ணாக் கொட்டுறாரு?” என்று கேட்டபோது, ஆசிரியை என் முகத்தைப் பார்த்தார்; நான் வண்டியைப் பார்த்தேன். நட்டவர்களின் முன்னிலையிலேயே நாற்றைப் பிடுங்கி எறிவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இதில் அந்தத் தூய்மைப் பணியாளரைக் குறை கூறுவது பாவம். அவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் வண்டியில் தடுப்பே கிடையாது. இரண்டையும் பிரித்து ஏற்றிச் செல்ல அவர் விரும்பினாலும், தெருமுனையில் காத்திருக்கும் டிப்பர் லாரியில் எல்லாம் ஒரே குவியலாகத்தான் போய்ச் சேர வேண்டும். இதைக் குறித்து நகராட்சியில் விசாரித்தபோது, “கிடங்கில் ஆள் வைத்துப் பிரித்துக்கொள்வோம்” என்ற சமாதானமே கிடைத்தது. இந்தச் சமாதானத்தை ஏற்க முடியாததற்குக் காரணம் சொல்கிறேன். சாம்பார் ஊறிய நோட்டுத் தாளைப் பழைய பேப்பர் கடைக்காரர் எந்த விலைக்கும் எடுப்பதில்லை. காலையில் காசு பெறும் பொருளாக இருந்தது, கலந்த நிமிஷத்திலேயே குப்பையாகிவிடுகிறது. அதுபோலவே கண்ணாடிச் சில்லும் பிளாஸ்டிக் துண்டும் பேட்டரியும் கலந்த காய்கறித் தோலிலிருந்து வருகிற உரத்தை எந்த விவசாயியும் தன் வயலில் இட மாட்டார். ஆக, கலந்த பிறகு பிரிப்பது என்பது, அந்த நாற்றத்தில் கையை விட்டுத் துழாவும் ஏழைத் தொழிலாளியின் உடம்பைக் கெடுப்பதன்றி வேறு பிரயோஜனம் அளிப்பதில்லை.

மிஞ்சுவதெல்லாம் கிடங்கில் குவிகிறது. காற்றுப் புகாமல் அமுங்கிக் கிடக்கும் ஈரக் குப்பையிலிருந்து மீத்தேன் வாயு கிளம்புகிறது. மேலே பிளாஸ்டிக்கும் காகிதமும் காய்ந்து கிடக்கின்றன. கோடையில் ஒரு பொறி விழுந்தால் போதும். சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே வளர்ந்துவிட்ட பெருங்குடிக் கிடங்கு 2022 ஏப்ரலிலும், கோவை வெள்ளலூர்க் கிடங்கு 2024 ஏப்ரலிலும் நாட்கணக்கில் எரிந்து, சுற்றுவட்டாரத்து ஜனங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே மூச்சுத் திணறிக் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊர்க் கிடங்கும் சிறிய அளவில் அதே பாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறது.

சட்டம் இல்லாமலும் இல்லை. மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டுக்காரர் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாமல், பிரித்ததைப் பிரித்தபடியே வாங்கிக்கொண்டு போவது உள்ளாட்சியின் கடமை என்றும் விதித்தன. பிரஜைக்குரிய பாதியை ஆறு வயதுக் குழந்தைக்குப் பாடமாக வைத்துவிட்டு, தனக்குரிய பாதியைக் கிடப்பில் போட்டுவிட்டது எங்கள் நிர்வாகம். போதித்த பாடமாவது பூரணமானதா என்றால் அதுவும் இல்லை. அந்த விதிகள் குப்பையை மூன்றாக வகுத்தன. பழுதான டியூப் லைட், தீர்ந்த பேட்டரி, காலாவதியான மருந்து ஆகிய அபாயகரமான பொருள்களுக்குத் தனி இடம் உண்டு. எங்கள் பள்ளிச் சுவரிலோ இரண்டே தொட்டிகள் வரையப்பட்டிருக்கின்றன. பாதரசம் அடங்கிய டியூப் லைட்டை அந்தப் படத்தின்படி ஒரு குழந்தை நீலத் தொட்டியில் போட்டு உடைத்தால் அதற்கு யார் பொறுப்பு?

இவ்வளவையும் விட என் மனத்தை அதிகமாகப் புண்படுத்திய விஷயம் ஒன்று உண்டு. பிளாஸ்டிக்கை ஒழிக்க வேண்டும் என்று மஞ்சப்பையும் கையுமாகப் பிள்ளைகளை வெயிலில் ஊர்வலமாக நடத்தினார்கள்; அதன் முன்னால் பிடித்துச் சென்ற பெரிய பதாகை பிளெக்ஸில் அச்சடிக்கப்பட்டது. பிளெக்ஸ் என்பது பி.வி.சி. பிளாஸ்டிக், எந்தக் காயலான் கடையிலும் அதை எடுப்பதில்லை, எரித்தால் டையாக்ஸின் போன்ற கொடிய நஞ்சு காற்றில் கலக்கும். ஊர்வலம் முடிந்து வாரக்கணக்கில் பள்ளி வேலியில் கிழிந்து தொங்கிய அந்தப் பதாகை, கடைசியில் உதிர்ந்த வேப்பஞ்சருகோடு சேர்த்துப் பள்ளியின் பின்புறத்திலேயே கொளுத்தப்பட்டது. பிறகு, உபயோகமற்ற பொருள்களைக் கொண்டு கைவினை செய்யும் போட்டி என்று அறிவித்தார்கள். பரிசுக்கு ஆசைப்பட்ட பிள்ளைகளின் பிடிவாதத்தால், கூலி வேலைக்குப் போகும் தாய்மார்கள் ஃபேன்சி ஸ்டோரில் புது ஸ்ட்ராவும் தெர்மாகோலும் ஐஸ் குச்சியும் காசு கொடுத்து வாங்கினார்கள். மறுநாள் அவையும் நீலத் தொட்டிக்கே வந்து சேர்ந்தன.

மறுசுழற்சியைப் பற்றிக் குழந்தைகளுக்கு உண்மையாகவே சொல்லிக்கொடுக்க நினைத்தால், கடைத்தெருவிலுள்ள பழைய பேப்பர் கடைக்கு ஒரு வகுப்பை அழைத்துச் செல்லலாம். இரும்புக்கு என்ன விலை, அலுமினியத்துக்கு ஏன் அதைவிடக் கூடுதல் விலை, பால் கவரை எடுத்துக்கொள்கிறவர் ஐந்து ரூபாய் பிஸ்கட் கவரை ஏன் தள்ளிவிடுகிறார் என்பதையெல்லாம் தராசின் முன்னால் நின்று கேட்கும் பிள்ளை ஒருநாளும் மறக்காது. அந்தப் பிஸ்கட் கவர் பல அடுக்குகளை ஒட்டிச் செய்தது. அடுக்கை உரித்துப் பிரிக்க வழியில்லாததால் அதற்கு விலையில்லை. அப்படிப்பட்ட உறையில் பண்டத்தை அடைத்து விற்கிற கம்பெனிக்கும் அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உண்டென்று 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு விதிகள் கூறுகின்றன என்பதையும் ஆசிரியை சொல்லட்டும். ஒரு மிட்டாயைத் தின்றுவிட்டு உறையைக் கையில் வைத்திருக்கும் குழந்தைதான் உலகத்தைக் கெடுக்கிறது என்ற எண்ணத்தைப் பிஞ்சு மனத்தில் விதைப்பது தர்மமாகாது.

அதிகாரிகளிடம் நான் வேண்டுவது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. பள்ளிகளுக்கு வரும் வண்டியிலாவது நடுவே ஒரு தடுப்பு வைத்து, டிப்பர் லாரிவரை அந்தப் பிரிவினை காப்பாற்றப்பட வேண்டும். சத்துணவுக் கூடத்தின் முட்டை ஓடும் காய்கறித் தோலும் பள்ளி வளாகத்தை விட்டு வெளியே போகவே அவசியமில்லை. ஒரு மூலையில் குழி எடுத்து, ஈரக் குப்பையும் சருகுமாக மாற்றி மாற்றிப் போட்டு, அவ்வப்போது கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதங்களில் உரமாகிவிடும், அதைப் பிள்ளைகளே கீரைப் பாத்திக்கு இட்டுக்கொள்ளலாம். சருகைக் கொளுத்துவது உடனே நிறுத்தப்பட வேண்டும். சுவரில் மூன்றாவது தொட்டியையும் எழுதி, அந்த அபாயகரமான பொருள்களை வாங்கிக்கொள்ள மாதத்தில் ஒரு நாளை நகராட்சி குறிப்பிட வேண்டும். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் இவை நடந்தேற வேண்டும். அதுவரை ஊர்வலம், உறுதிமொழி, போட்டி என்று எதற்கும் எங்கள் பிள்ளைகளை அழைக்கக் கூடாது என்று மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவர இருக்கிறேன். மற்றப் பள்ளிகளின் பெற்றோர்களும் தத்தம் குழுக்களில் இதே தீர்மானத்தை நிறைவேற்றி நகராட்சி ஆணையருக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினன்