காவல்துறை மீதான புகாரைக் காவல்துறையே விசாரிக்கக் கூடாது: மொரப்பூர் வட்டார இளைஞர்களின் நிலைப்பாடு

சித்தேரி மலைப்பக்கத்துப் பையன்கள் வேலை தேடி வெளியூருக்கு ரயிலேறுவது மொரப்பூரில்தான். வழியில் போலீஸ்காரர் நிறுத்தினால் "எந்த ஊர்டா?" என்பார். ஊரைச் சொன்னதும் "செம்மரம் வெட்டவா போறே?" என்பார். பதில் அவருக்குத் தேவையில்லை, அவர் முன்பே முடிவு செய்துவிட்டார். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டினார்கள் என்று சொல்லி ஆந்திரக் காவலர்கள் சுட்டுக்கொன்ற 20 தமிழ்த் தொழிலாளர்களில் சித்தேரி மலைக்காரர்களும் உண்டு. பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தில் சாட்சி சொன்னார்கள்.

2020 மே மாதம் அமெரிக்காவின் மினியாபொலிஸில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தைக் காவலர் ஒருவர் முழங்காலால் அழுத்திக் கொன்றதைக் கைப்பேசியில் படம் பிடித்தவள் 17 வயதுக் கறுப்பினப் பெண். எங்களை ஒத்த வயது. அங்கே தோல் நிறம் சந்தேகத்துக்குப் போதும், இங்கே ஊர்ப்பெயரும் சாதியும் போதும். அந்தப் படத்தால் ஓராண்டுக்குள் குற்றவாளி சிறைக்குப் போனார்.

எங்கள் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் படம் எடுக்க யாரிடமும் எதுவும் இல்லை. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையாளிப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். அவர்களில் சிறுமிகளும் உண்டு. வீடுகளை நொறுக்கினார்கள். குழந்தைகளோடு பெண்களைச் சிறையில் தள்ளினார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று அரசு சாதித்தது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் நீதிமன்றப் படியேறிய பிறகு, 1995இல்தான் வழக்கு சிபிஐக்குப் போனது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் 215 பேரைக் குற்றவாளிகள் என்றது. குற்றஞ்சாட்டப்பட்ட மற்ற 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். எங்களில் பலர் பிறந்து, படித்து, வாக்குரிமை பெற்றதெல்லாம் அந்த வழக்கு நடந்த காலத்தில்தான்.

லத்தி எல்லோர் மேலும்தான் விழுகிறது, சாத்தான்குளத்தைப் பாருங்கள் என்று எங்கள் கூட்டத்திலேயே ஒரு தோழர் வாதிட்டார். விழுகிறது, மறுக்கவில்லை. ஆனால் சாத்தான்குளத்தில் காவலில் அடிபட்டுத் தந்தையும் மகனும் இறந்த சில வாரங்களில் சிபிஐ வந்தது. வாச்சாத்திக்கு மூன்று ஆண்டுகள். அடிபட்டவர் சொல் எவ்வளவு சீக்கிரம் நம்பப்படுகிறது என்பதில்தான் சாதி தெரிகிறது.

கேமரா மட்டும் காப்பாற்றும் என்றும் நாங்கள் நம்பவில்லை. சாத்தான்குளம் காவல் நிலையத்தில் கேமரா இருந்தது. பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கப் போன நீதித்துறை நடுவரே கண்டார்.

ஆகவே எங்கள் கேள்வி, புகாரை யார் கையில் கொடுப்பது என்பதுதான். ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் காவல் புகார் ஆணையங்கள் அமைக்கும்படி 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாடு 2013இல் கொண்டுவந்த காவல் சீர்திருத்தச் சட்டமோ மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரையும், மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரையும் தலைவராக்கியது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அதில் உறுப்பினர். வாச்சாத்தித் தீர்ப்பில் உயர் நீதிமன்றம் யார் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது? அன்றைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீது. அந்தச் சட்டம் 1992இல் இருந்திருந்தால் வாச்சாத்திப் பெண்கள் அதே ஆட்சியர் முன்னால்தான் போய் நின்றிருக்க வேண்டும்.

2013 சட்டம் திருத்தப்பட வேண்டும். மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமை ஏற்க வேண்டும். பணியிலிருக்கும் காவல் அதிகாரி அதில் இருக்கக் கூடாது. பழங்குடிப் பெண் ஒருவராவது உறுப்பினராக வேண்டும். அதுவரை அடிபட்டு எங்களிடம் வருகிற எவரையும் அந்த ஆணையத்துக்கு அனுப்ப மாட்டோம். அரசு மருத்துவமனையில் காயத்தைப் பதிவு செய்ய வைத்து, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் நாங்களே கூட்டிச் செல்வோம்.