தேடாது கண்டதைத் தொடர்தல்

மலைநாட்டில் வைத்திய வசதி போதாது என்னும் முறையீடு நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருவது. அதில் உண்மையும் உண்டு. ஆயினும், 150 கட்டில்களைக் கொண்ட டிக்கோயா வைத்தியசாலைக் கட்டடம் 2017 மே 12 ஆம் நாள் திறக்கப்பட்டது. உடலின் உள்ளுறுப்புகளைப் படம்பிடித்துக் காணும் வசதியும் முன்னையினும் நமக்கு அணித்தாகியுள்ளது. இந்நிலையில் வேறொரு குறையை எடுத்துரைக்க விரும்புகின்றோம். இயந்திரம் கண்டு சொன்னதை மனிதர் தொடராது விடுவதே அக்குறை.

சீ.டி. ஸ்கேன் 1971 ஆம் ஆண்டில் லண்டனில் முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பயன்பட்டது. அதற்கு வழிகோலிய கோமக், ஹவுன்ஸ்ஃபீல்ட் இருவரும் 1979 இல் நோபெல் பரிசு பெற்றனர். அக்கருவி நாம் தேடுவதை மட்டும் காட்டி அமைவதன்று. சிறுநீரகக் கல்லைத் தேடி வயிற்றைப் படம்பிடிக்கையில், குடற்சுவர் ஓரிடத்தில் தடித்திருப்பதையும் உடன் காட்டிவிடும். அத்தடிப்பு குடல் சுருங்கிய கணத்தின் தோற்றமாயிருக்கலாம், ஆறிவிடும் அழற்சியாகலாம், நம் நாடுகளிற் காணப்படும் குடற் காசநோயாகலாம், புற்றுநோயும் ஆகலாம். இன்னதென்று படம் மட்டும் துணியாது. கொலனொஸ்கோபி எனப்படும் குழாய்ச் சோதனையாற் குடலின் உட்புறத்தை நோக்கி, வேண்டுமாயின் சிறு துணுக்கெடுத்து ஆராய்தலே வழி. குடலில் முளைக்கும் சிறு கட்டி புற்றாக மாறுவதற்குப் பெரும்பாலும் பல்லாண்டுகள் செல்லும். அதற்குள் அதனை அகற்றின் நோய் வராமலே தடுக்கலாம். ஆதலின் அறிக்கையைக் கண்டு அஞ்சி நடுங்குவதும் தவறு; மடித்துப் பெட்டியில் வைப்பதும் தவறு.

தோட்டத்துத் தொழிலாளி ஏன் அதனை மடித்து வைக்கிறார்? அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. கல் இல்லை என்ற சொல்லே அவர் செவியில் நிலைக்கிறது. வலியும் நின்றுவிட்டால், மறுமுறை கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ செல்ல ஒருநாட் சம்பளத்தை இழக்க மனம் வருவதில்லை. இன்னுமொன்று: கொலனொஸ்கோபிக்கு முன்னர்ப் பேதி மருந்தருந்திக் குடலைச் சுத்திசெய்தல் வேண்டும். பல குடும்பங்கள் ஒரே மலசலகூடத்தைப் பயன்படுத்தும் லயத்தில், குளிரும் மழையும் சூழ்ந்த இரவில், ஒரு மூதாட்டி அதனை எங்ஙனம் செய்வார்? இதனை எண்ணாது அவரை அசட்டையானவர் என்பது அறமாகாது.

படத்திற் கண்ட ஒவ்வொரு நிழலுக்கும் சோதனை செய்யப் புகின் வைத்தியசாலைகள் தாங்குமோ எனச் சிலர் வினவுவர். எல்லார்க்கும் வேண்டுமென நாம் கூறவில்லை. வயது, எடை குறைதல், மலத்தில் இரத்தம், இரத்தச்சோகை ஆகியவற்றை நோக்கி வைத்தியர் முடிவு செய்க. ஆனால் முடிவு செய்யாமலே விடற்க. மலையகப் பெண்களிடையே இரத்தச்சோகை மலிந்திருப்பதால், குடலிற் கசியும் இரத்தமும் உணவுக் குறைவின் கணக்கில் எழுதப்படக்கூடும் என்பதை மறத்தலாகாது.

நாம் வேண்டுவன சிலவே. கண்டது யாது, அடுத்த சோதனை எது, எந்நாளுக்குள் என்பவற்றை நோயாளியின் கிளினிக் கொப்பியில் தமிழிலும் எழுதித் தருக. தமிழையும் அரசகரும மொழியாக்கிய அரசியலமைப்புத் திருத்தம் 1987 ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது; ஆகவே இது சலுகையன்று. லயத்தில் வாழ்வோரை முதல் நாளே விடுதியில் அனுமதித்துக் குடற்சுத்தி செய்விக்க.

எஞ்சியது நம் கடன். மருந்துக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், நோயாளி, வைத்தியர், மருந்து என்னும் மூன்றோடு அமையாது, அருகிருந்து உதவுவோனையும் நான்காவதாகச் சேர்த்தெண்ணினார். மலையகத்தில் அந்நான்காமவரே பெரிதும் வேண்டப்படுகின்றார். நம் கல்லூரி தந்த எழுத்தறிவால் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் வைத்தியராகவும் விளங்கும் பழைய மாணவர்காள்! உறவினரும் அயலவரும் வைத்திருக்கும் அறிக்கையை வாங்கி இறுதி வரிவரை வாசியுங்கள். அவ்வரி மறுசோதனை வேண்டுமாயின், குறித்த நாளில் உடன் செல்லுங்கள். ஜூபிலி ஆண்டில் கட்டடம் எழுப்புதல் நன்று. ஓர் உயிர்க்குத் துணைநிற்றல் அதனினும் நன்று.