விளையாட்டும் ஓய்வுநாளும்

விளையாட்டு வீண்பொழுது என்று பெரியோர் எண்ணிய காலம் ஒன்றிருந்தது. அது கழிந்து, அதற்கு நேர்மாறான எண்ணம் ஒன்று இன்று தலையெடுத்திருக்கின்றது. ஒருநாளும் ஓயாது பயில்பவனே வீரனாவான், ஞாயிறும் விடுமுறையும் சோம்பர்க்கே உரியன என்பர் பயிற்சியாளர் பலர். பெற்றோரும் அதற்குத் தலையசைக்கின்றனர். இக்கொள்கை இளையோர் உடலுக்கும் கேடு, இல்லத்துக்கும் கேடு என்பதே என் துணிபு.

விடாமுயற்சியை நான் இகழ்வதாக எவரும் எண்ணவேண்டா. மழைக்கு ஒருநாள், தேர்வுக்கு ஒருவாரம், மனமில்லாமைக்கு ஒருமாதம் என்று நின்று நின்று ஓடுகின்றவன் எதனையும் எய்தான். (நம் விடுதியில் அத்தகையோர்க்குப் பஞ்சமில்லை.) ஆயினும், பயிலும் வேளையில் உடல் தளர்கின்றதேயன்றி வலுப்பெறுவதில்லை. தசைகளில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. பின்னர் உண்ணும் உணவாலும் கொள்ளும் உறக்கத்தாலுமே அவை செப்பமுற்று முன்னிலும் உறுதியடைகின்றன. வளரும் பருவத்தினர்க்கு எலும்பும் முதிர்ந்ததன்று. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தார் 2016-ஆம் ஆண்டில், இளையோர் தாம் சிறப்பாகப் பயிலும் விளையாட்டினின்று வாரத்தில் ஓரிரு நாளும், ஆண்டில் மொத்தம் 3 மாதமும் விலகியிருத்தல் வேண்டுமென எழுதினர்.

இதனை ஏட்டிலன்றி வீட்டிலும் கண்டேன். என் தம்பி பதினைந்து வயதினன். நெடுந்தூர ஓட்டத்தில் வல்லவன். சென்ற ஆண்டு முழுதும் வைகறை நான்கரை மணிக்கே எழுந்து போவான், மாலையிலும் போவான், ஞாயிற்றுக்கிழமையும் போவான். ஆலயத்தில் அம்மாவின் அருகே அவன் இடம் வெறுமையாயிருந்தது. இரவில் குடும்ப ஜெபத்திற்கு அமர்ந்தால், சங்கீதம் வாசித்து முடியுமுன் அப்பாவின் தோளிற் சாய்ந்து உறங்கிவிடுவான். கிறிஸ்துமஸ் விடுமுறையில் நான் ஊரிலிருந்த பத்து நாளில் அவனோடு ஒருங்கிருந்து உண்டது மூன்றே வேளை. காலில் வலி என்று அவன் சொல்லியதைப் பயிற்சியாளர் பொருட்படுத்தவில்லை. தை மாதத்தில் கணைக்கால் எலும்பில் வெடிப்பு இருப்பதைக் கண்ட வைத்தியர், மூன்று மாதம் ஓடலாகாதென்றார். ஓராண்டின் ஞாயிறுகள் 52. அவன் இழந்ததோ 90 நாள்.

நாம் ஓய்ந்திருக்கும்போது பிறர் ஓடுகின்றாரே என்பர். 1954-ஆம் ஆண்டு வசந்தத்தில், மருத்துவ மாணவராயிருந்த ரோஜர் பானிஸ்டர் எவ்வளவு முயன்றும் பயிற்சியிற் கால் மைலை 61 வினாடிக்குக் குறைவாக ஓட இயலாது நின்றார். ஓட்டத்தை விட்டுவிட்டு, நண்பரோடு ஸ்காட்லாந்து மலைகளில் ஏறிச் சில நாள் கழித்தார். திரும்பிவந்தபோது 59 வினாடியில் ஓடினார். மே 6-ஆம் நாள் ஆக்ஸ்போர்டில் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 வினாடியில் கடந்தார்.

எரிக் லிடெலின் வரலாறு நம்மில் யாவரும் கேட்டதே. 1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தின் முதற்சுற்று ஞாயிறன்று வந்தமையால் அதனை மறுத்தார். 400 மீட்டரை 47.6 வினாடியில் ஓடிப் பொற்பதக்கம் பெற்றார். பிரசங்கங்களில் நாம் கேளாத பகுதியும் உண்டு. பந்தய நாள்களைச் சில மாதம் முன்னரே அறிந்து, 400 மீட்டருக்கென்றே அவர் உழைத்திருந்தார். ஓய்வுநாளைக் காத்தவர் மற்றை ஆறு நாளையும் காத்தார். பின்னர்ச் சீனத்தில் மிஷனரியாயிருந்து, ஜப்பானியரின் வெய்ஷியன் முகாமில் அடைபட்டபோது, அங்கிருந்த இளையோர்க்கு விளையாட்டுக்கள் நடத்தினார். ஞாயிறன்று மட்டும் ஒப்பவில்லை. மேற்பார்ப்பாரின்றி அவர்கள் தாமே ஆடிச் சண்டையிட்டுக்கொள்ளவே, அடுத்த ஞாயிறு தாமே நடுவராக நின்றார். தம்பொருட்டு அசையாதவர் பிள்ளைகள்பொருட்டு அசைந்தார். ஆதலின் ஞாயிற்றை நான் ஒரு கட்டளையாக வற்புறுத்தவில்லை. பிற சமயத்து மாணவர்க்கு வேறொரு நாள் ஏற்றதாகலாம். வாரத்தில் ஒரு முழுநாளும், கோடை விடுமுறையில் ஒரு மாதமும் பயிற்சியின்றி வீட்டாரோடு இருக்க விடுங்கள் என்பதே நம் கல்லூரி ஆட்டக்குழுத் தலைவர்க்கும் நான் செய்யும் விண்ணப்பம்.

தம்பி இப்பொழுது ஆறு நாள் ஓடுகின்றான். அதன்பொருட்டு அப்பா பயிற்சியாளரிடம் இருமுறை நேரிற் சென்று பேசவேண்டியதாயிற்று. ஞாயிறன்று ஆலயம் விட்டதும் அவரோடு கறிக்கடைக்குப் போகின்றான். பேரம் பேசுவதில் மட்டும் இன்னும் தேறவில்லை என்று அம்மா எழுதுகின்றார்.